ஓரகத்தியின் அடுக்களை

பெரியவளுக்கு ஓரகத்தியின் நகைமேல் பொறாமை இல்லை, அடுக்களைமேல்தான். சின்னவள் நின்ற இடத்திலேயே நின்று, கத்தி, கரண்டி, மசாலா டப்பா என்று திரும்பிப் பார்க்காமல் எடுத்துச் சமைப்பதைக் கண்டாலே இவளுக்கு வயிறு எரியும்.

தன் வீட்டைப் புதுப்பித்தபோது தச்சரைச் சின்னவள் வீட்டுக்கே கூட்டிப்போய் அந்த அடுக்களையை அளவெடுக்க வைத்தாள்.

"இழுப்பறை எல்லாம் அடுப்புக்கு இடப்பக்கம் வருதே, உங்களுக்குக் கைக்கு வாகா இருக்குமாம்மா?"

"அவளுக்கு இருக்குல்ல? எனக்கு மட்டும் என்ன, கையா இல்ல? அப்படியே செய்யுங்க."

அப்படியே செய்தார். அன்றிலிருந்து கரண்டிக்காக அடுப்பின் குறுக்கே வலக்கையை நீட்டி நீட்டிச் சுட்டுக்கொண்டாள். "போகப் போகப் பழகிடும்" என்று புருஷனிடம் பல்லைக் கடித்தாள்.

ஒருநாள் இவள் காய்ச்சலில் படுக்க, சின்னவள் சமைக்க வந்தாள். பாத்திரம் உருளும் சத்தமே கேட்கவில்லையே என்று பெரியவள் போர்வையோடு எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். சின்னவள் இடது கையால் இழுப்பறையைத் திறந்து, இடது கையால் கத்தியை எடுத்து மளமளவென்று நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடக்கைக்காரி என்பது கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஊருக்கெல்லாம் தெரியும்.

"அக்கா, உங்க அடுக்களை எனக்குன்னே கட்டின மாதிரி இருக்கு!"

"பேசாம அடுப்பைப் பாரு."

முதன்முறையாகத் தன் அடுக்களையைப் பார்த்தே பெரியவளுக்கு வயிறு எரிந்தது.