கறுப்புக் கரை போட்ட அட்டைப்படம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பதுளை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி ஏறினால் என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். கல்யாணக் கார்டும் செய்வேன், கோயில் நோட்டீசும் செய்வேன். ஆனால் எனக்குச் சோறு போட்டது என்னவோ மரண அறிவித்தல்தான். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும் போட்டோ என் போனுக்கு வந்துவிடும். அரை மணி நேரத்தில் பேனர் தயார். நானே கொண்டுபோய்க் கட்டிவிட்டும் வருவேன். "நீங்க செஞ்சா செத்தவங்க மொகத்துல ஒரு களை வருதுங்க" என்று ஒருவர் சொன்னார். அதை இன்றுவரை பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். இளசுகளுக்காக ஒரு இசைப் பத்திரிகை கொண்டுவரப்போகிறார்களாம். லயத்து வரிசை வீடுகளுக்குள் உட்கார்ந்து போனிலேயே பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் பற்றித்தான் முழுப் பத்திரிகையும்.

"டிசைன் மட்டும் நம்ம வயசுக்கு இருக்கணும் அங்கிள்" என்றாள் அந்தப் பெண். அந்த 'அங்கிள்' என் நெஞ்சில் தைத்தது. எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்கள் வாயைப் பிளக்கும்படி ஒன்று செய்து காட்டுவதென்று.

அட்டைக்கு அவர்கள் தந்த படம், அதே தோட்டத்து இன்னொரு பெண்ணுடையது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை, கிடைக்கிற லீவில் பாட்டு. நல்ல குரல். நான் வர்ணத்தையெல்லாம் உருவி எறிந்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சுற்றிலும் தடிப்பாகக் கறுப்புக் கரை. அவள் பெயரைப் பெரிதாகப் போட்டேன். கீழே அவள் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, முதல் பாட்டைப் பதிவு செய்த வருஷம். பத்திரிகையின் பெயரைப் பெரிதாகப் போடுவது பழைய பாணி என்று சொல்லி, அதை மூலையில் எறும்பு மாதிரி வைத்தேன். என் கை எத்தனையோ வருஷமாகச் செய்து பழகிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அதை நான் புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு "செம அங்கிள்" என்றார்கள். இரண்டு பெரிய பிரதி அடித்து வாங்கிப் போனார்கள், விளம்பரத்துக்கு.

அன்று சாயந்தரமே தோட்டத்துக் கடைச் சந்திச் சுவரில் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். மரண அறிவித்தல் ஒட்டுகிற அதே சுவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணின் போன். "அங்கிள், காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனவங்க அந்த போஸ்டரப் பாத்துட்டு அக்கா செத்துருச்சுன்னு நெனச்சிட்டாங்க. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அவங்க அம்மாகிட்ட யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. மயங்கி விழுந்துட்டாங்க அங்கிள். அக்கா போன் எடுக்க மாட்டேங்குது. கடையில போன வாங்கி வச்சிக்குவாங்க, பகல் சாப்பாட்டுக்குத்தான் குடுப்பாங்க. கடை நம்பரும் தெரியல, நாங்க சொல்றதையும் யாரும் நம்பல."

என் வீரத்தைக் கேளுங்கள். முதலில் கடை ஷட்டரை இழுத்து மூடினேன், நான் உள்ளே இருக்கும்போதே. இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். மட்டக்களப்பில் மச்சான் வீடு இருப்பது ஞாபகம் வந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்தேன். பிறகு வெட்கம் வந்ததோ, மூச்சு முட்டியதோ, ஷட்டரைத் தூக்கினேன். அதே படத்தை வர்ணத்தில், சிரித்த முகமாக, பத்திரிகைப் பெயரைப் பெரிதாகப் போட்டு அடித்தேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறினேன். இதைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய ஒரே ஜீவன் நான்தான்.

தோட்டத்து ரோட்டில் திரும்பும்போதே சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி தொங்கியது. மழையில் நனைந்த நாற்காலிகளைப் பையன்கள் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். தப்பு மேளம் அடிப்பவர்கள் ஓரமாகத் தீ மூட்டித் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியதும் லயத்து வாசலில் நின்ற கங்காணி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பேனர்காரரு வந்துட்டாரு. வழி விடுங்கப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை பாதிப் பேருக்காவது சந்தேகம் இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. இந்தத் தோட்டத்துக்குள் நான் வேறு எதற்கு வந்திருக்கிறேன்? உள்ளே பாயில் கிடந்த அந்த அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், என் கக்கத்தில் இருந்த சுருளைப் பார்த்தார். அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தம் மாதிரியே இல்லை.

நான் அவசரமாகச் சுருளைப் பிரித்துக் காட்டினேன். சிரித்த முகத்தைக் கண்டதும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

"இல்லைங்க, புள்ள உசுரோட இருக்கு! இது பாட்டுப் பத்திரிகை! நான்தான்... என் தப்புங்க, நான்தான் செஞ்சேன்!"

"அவருக்கே மனசு தாங்கல பாருங்க" என்று ஒரு கிழவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். பத்திரிகைக்காரப் பிள்ளைகள் மூவரும் அழுதபடியே ஓடிவந்து என் பக்கத்தில் நின்று விளக்கிச் சொன்ன பிறகுதான் கூட்டம் மெல்ல அமைதியானது. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கங்காணி அவர் கையை விலக்கிவிட்டார். ஆனால் என்னை உட்காரச் சொல்லவில்லை.

பகல் வரை நின்றேன். அந்த அம்மா யார் சொன்னதையும் நம்பவில்லை. "கண்ணால பாத்தியா? காதால கேட்டியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கொழும்புக்குப் போன் போட்டுப் போட்டுப் பிள்ளைகளின் விரல் ஓய்ந்துபோனது. பன்னிரண்டரை தாண்டி அங்கிருந்து அழைப்பு வந்தது. சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்கள்.

"என்னம்மா, இத்தன மிஸ் கோல்? யாருக்கு என்ன?"

தாய் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கடைசியில் கேட்டார்: "சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை, சந்தோஷப்படவுமில்லை. தப்புக்காரர்கள் "நாங்க போகலாங்களா?" என்று யாரையோ கேட்டுவிட்டு எழுந்தார்கள். நான் போய் வெள்ளைக் கொடியை அவிழ்க்கக் கை வைத்தேன். "கட்டுனவங்க அவுத்துக்குவாங்க. நீங்க போங்க ஐயா" என்றார் கங்காணி.

பத்திரிகை ஒரே ஒரு இதழ் வந்தது, வர்ண அட்டையோடு. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் மன்னிப்பு வசனம் மனப்பாடம் செய்தபடி, மறுபடி அந்த லயத்துக்குப் போனேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். மகளின் முகத்தை விரலால் தொட்டார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்குங்க ஐயா. வீட்டுக்குள்ள மட்டும் வேணாங்க."

மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தைகூட வரவில்லை. "மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"ஒங்க மேல என்னங்க இருக்கு? அவ கொழும்புக்கு பஸ் ஏறுன நாள்லேருந்து, எப்ப சேதி வருமோ எப்ப வருமோன்னுதான் இருந்தேன். அன்னிக்கு வந்துருச்சுன்னு நெனச்சேன்."

அதுவரை தப்பு கறுப்புக் கரையிலும் அந்தச் சின்னக் கோட்டிலும் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அந்தத் தாய் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் நம்பியது என் டிசைனைப் பார்த்தல்ல. மகள் போன நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த பயத்தை நான் அச்சடித்துச் சுவரில் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் யாருடைய பிள்ளையின் படம் என் திரையில் வந்தாலும், சிரித்த படமாகவே இருந்தாலும், இந்த முகத்துக்காக எந்த மலையில் எந்தத் தாய் பயந்துகொண்டு கொழுந்து எடுக்கிறாளோ என்ற நினைப்பு வந்து என் கை ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.