ஜெயபாரதியின் அத்தாட்சி

நோயில் கிடக்கிறவளுக்கு மருந்து கிடைக்காவிட்டாலும் போகிறது, "ஆமாம், உனக்கு முடியவில்லை" என்று நம்புகிற ஆள் ஒருவராவது வேண்டும். ஜெயபாரதிக்கு அப்படி ஒருவர் இருந்தார். கட்டின புருஷன் கந்தவேல். யார் கைவிட்டாலும் இவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் ஆறு வருஷத்தை ஓட்டினாள். அந்த மனிதரை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் அவள். தைத்து வந்த பனியனை மேஜைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என்று தேடி, அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. பாரதி கையில் மாட்டினால் தப்பாது என்று டெய்லர்கள் முணுமுணுப்பார்கள். முப்பத்தாறு வயதில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு காலில் எரிச்சல், பல் தேய்த்து முடிப்பதற்குள் வருகிற அசதி, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நழுவிப் போகிற வார்த்தை. ஓட்டை ஒரு பக்கம் இருக்க ஸ்டிக்கரை வேறு பக்கம் ஒட்டி, சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னிலும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றைக்கு வேலையை விட்டாள்.

டாக்டர்கள் சளைக்காமல் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு நார்மல், சர்க்கரை நார்மல், தலைக்கு எடுத்த ஸ்கேனும் நார்மல். இத்தனை நார்மலான ஒருத்தியால் ஏன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்த நரம்பு டாக்டர், "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்று பேனாவை மூடிவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா சொந்தக்காரர்களுக்கு? வேலை செய்ய உடம்பு வணங்காமல் படுத்துக் கிடக்கிறாள் என்று போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அவள் பேச்சுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தாள். சொத்தைப் பல்லுக்கு வெள்ளி அடைத்தவர்களே, அந்த அடைப்பில் பாதி பாதரசம், அது உடம்பில் சேர்ந்தால் கை நடுங்கும், அசதி வரும், மறதி வரும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பாரதிக்குச் சின்ன வயதிலேயே மூன்று பல் அடைத்தாயிற்று. உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அல்ல, தன் நோய்க்கும் ஒரு பேர் இருக்கிறதே என்ற நிம்மதியில்.

வீடியோ வழியாக ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தாள். எல்லாரும் முகம் தெரியாதவர்கள். ஆனால் ஒருவரும் "மனசு" என்ற பேச்சை எடுக்கவில்லை. அவர்கள் சொன்னபடி பல்லில் இருந்த அடைப்புகளை எடுத்தாள். பாதரசத்தை இழுத்து வெளியேற்றும் என்று அவர்கள் சொன்ன மாத்திரையைக் கூரியரில் வரவழைத்தாள். டாக்டர் கிடையாது, மருந்துச் சீட்டு கிடையாது. அலாரம் வைத்துச் சில நாள் விழுங்குவது, சில நாள் நிறுத்துவது, மறுபடி ஆரம்பிப்பது. விழுங்குகிற நாட்களில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகும். குரூப்பில் கேட்டால், "வெளியே போகுது, நல்ல அறிகுறி" என்று பதில் வரும். தேறினாலும் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் வேலை செய்கிறது. தோற்கவே முடியாத மருந்து!

கந்தவேல் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பிலும் அலாரத்துக்கு அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். "உன்ற உடம்பு உனக்குத் தெரியாதா பாரதி? நீ சொன்னா நான் நம்பறேன்" என்பார். போன ஆடியிலிருந்து சாயங்காலப் பாலையும் அவரே காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தார். அடுப்படிப் பக்கமே அவளை விடமாட்டார். பாரதி பூரித்துப் போனாள். குரூப்பில்கூட அவரைப் பற்றி எழுதினாள்.

தை மாதம், குரூப்பில் சொன்னார்கள் என்று கோயமுத்தூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தாள். பாதரசத்துக்கென்று அவள் செய்த முதல் பரிசோதனை அதுதான். இருக்கவேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. உடம்பில் விஷம் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தி திருப்பூரில் வேறு இருக்கமாட்டாள். ரிப்போர்ட்டை லேமினேட் செய்தாள். கந்தவேலை அழைத்துக்கொண்டு நேரே அந்த நரம்பு டாக்டரிடம் போனாள். வைத்தியம் பார்க்க அல்ல, ஜெயித்துக் காட்ட.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். "நாட்டு மருந்து, பஸ்பம், அந்த மாதிரி ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க சார். பல்லுல அடைச்சதுதானுங்க. எலும்புக்குள்ள போய்த் தங்கிருச்சு. அத எடுக்கத்தான் கூரியர்ல மாத்திரை வாங்கி முழுங்கறேனுங்க."

பக்கத்து நாற்காலியில் கந்தவேல் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அடுத்த வாரம் வந்து இன்னும் சில டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பாரதி போகவில்லை. ஜெயித்தாயிற்று, அப்புறம் எதற்கு?

சித்திரையில் கந்தவேலுக்குச் சேர்ந்தாற்போல் நைட் ஷிப்ட் வந்தது. துணைக்கு அவருடைய தங்கை கோமளா வந்து தங்கினாள். வந்த அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணி, பால் காஞ்சிருச்சுங்க. அந்த மணிய எங்கீங்க வெச்சிருக்குது? அரிசி டப்பாவுக்குப் பின்னாலன்னு அண்ணன் சொன்னாப்ல, காணோமுங்க."

"என்ன மணி?"

"ரசமணிதானுங்க. பால்ல போட்டு எடுக்கோணுமில்ல?"

ரசம் என்றால் பாதரசம். அதை மூலிகைச் சாறு விட்டு இறுக்கி, கோலிக்குண்டு மாதிரி உருட்டினால் ரசமணி. பாரதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கோமளாவுக்கோ இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் அண்ணன் வாங்கி வந்தது, ஆடியிலிருந்து தினமும் பாலில் போடுவது, அதற்கப்புறம்தான் அண்ணி எழுந்து நடமாடுவது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மாமியாருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். குடிக்கிறவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

காலையில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கந்தவேல் வந்தார். பாரதி வாசலிலேயே கேட்டாள்.

"பால்ல என்னங்க போட்டீங்க?"

அவர் தங்கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "அது கட்டின ரசம், பாரதி. பச்ச ரசமில்ல, ஒண்ணும் பண்ணாது. உள்ள இருக்கற கெட்டதையெல்லாம் இழுத்து வெளிய தள்ளீருமாம். மொதல்ல கொஞ்சம் அசதி வருமாம். அது நல்ல அறிகுறின்னு வைத்தியரு சொன்னாரு."

கத்த வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். நல்ல அறிகுறி. அச்சு அசலாக அவள் குரூப் சொல்கிற அதே வார்த்தை. அதை நம்பி மாத்திரை விழுங்கியவள் இவரை என்ன சொல்லித் திட்டுவது? அந்த ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது.

"டாக்டரு நாட்டு மருந்து உண்டான்னு கேட்டாரில்ல? பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"நீ அத்தன சந்தோசமா இருந்தே. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

"அன்னைக்குச் சாயங்காலமும் போட்டீங்களா?"

அவர் மறுபடியும் செருப்பைப் பார்த்தார்.

ஆடியில் மணி, தையில் ரிப்போர்ட். அவள் மனம் அந்த இரண்டு மாதத்துக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பியது. ரத்தத்தில் இருந்தது பல்லிலிருந்து வந்ததா, பாலிலிருந்து வந்ததா? இனி எந்த லேபாலும் பிரித்துச் சொல்ல முடியாது. உலகத்தின் முன்னால் அவள் தூக்கிக் காட்டிய ஒரே அத்தாட்சி, இவர் டம்ளரில் கலந்து கொடுத்ததாக இருக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். அதுவும் அன்போடு, ஆற்றி, சர்க்கரை போட்டு.

"என்னைய நம்பறேன்னு சொன்னீங்களே."

"உனக்கு முடியலங்கறத நம்புனேன், சாமி. பல்லுலிருந்து வந்ததுன்னு நீ சொன்னியே, அதத்தான் நம்ப முடியல. வாய் விட்டுச் சொன்னா நீ ஒடஞ்சு போயிருவீன்னுதான்..."

மற்றவர்கள் நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர்களோடு சண்டை போட முடிந்தது. நம்புகிறேன் என்று சொன்ன இவரோடு எப்போது சண்டை போட்டிருப்பாள்?

பாரதி குளித்துவிட்டுப் புடவை மாற்றினாள். ஆஸ்பத்திரிப் பையை எடுத்தாள். கந்தவேல் முகத்தைக்கூடக் கழுவாமல் வண்டிச் சாவியோடு பின்னால் வந்தார்.

"நானும் வர்றேன்."

"வேண்டாமுங்க. டாக்டரு மறுபடி அதே கேள்வியத்தான் கேப்பாரு. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா உங்களக் காட்டிக்குடுக்க எனக்கு மனசு வராது. ஒண்ணும் இல்லீங்க சார்னு மறுபடியும் சொல்லிப்போடுவேன்."

ஆறு வருஷத்தில் அவள் டாக்டரிடம் தனியாகப் போனது அன்றைக்குத்தான்.