நாலு மூலைக்கும் மஞ்சள்

கம்ப்யூட்டர் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்து போட்டவர் சித்தப்பா. சொல் மட்டும்தான் வந்தது. மிஷின் கோயம்புத்தூரில், அவர் படித்த என்ஜினியரிங் காலேஜில், ஏசி போட்ட தனி அறையில் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவரே அதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப காலம் கழித்துத் தெரிந்தது. அவர் பேசுவதைக் கேட்டால் தினமும் அதன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்றே நினைப்பீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவே எங்கள் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேலந்தாவளம் பஸ்ஸில் சித்தப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர் வந்து இறங்குவார்கள். அம்மா அவர்களுக்குப் பைத்தியங்கள் என்று பெயர் வைத்திருந்தாள். பைத்தியங்களுக்குக் கோழிக் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, நாலு பேரும் பொழுது சாயும்வரை கம்ப்யூட்டரைப் பற்றியே பேசிப் பேசிச் சிரிப்பார்கள்.

"அதும் நம்ம வாளையார் செக்போஸ்ட்டும் ஒண்ணுடா. ஒரு கமா இல்லீன்னா வண்டியத் திருப்பி வரிசைக் கடைசிக்கு உட்டுரும். என்ன இல்லீன்னு மட்டும் சொல்லாது" என்பான் ஒருவன். மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். கமா என்றால் என்னவென்று தெரியாமலே நானும் உருளுவேன். அந்தச் சிரிப்புக்குள் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

சித்தப்பா எழுதிய புரோகிராம், கால்வாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் விடலாம் என்று கணக்குப் போடுவது. வாராவாரம் அதைத் திருத்திப் புதுசாக்குவார். போன வாரத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று சொல்வார். "ஏண்டா, போன வாரத்து ஓட்டைய அடைச்சுப்போட்டு இந்த வாரம் ரெண்டு ஓட்டையத் தொறந்திருக்கறயாக்கும்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். பைத்தியங்கள் மூன்றும் எழுந்து உட்கார்ந்து, இதைவிடப் பெரிய உண்மை கிடையாது என்று நோட்டில் எழுதிக்கொண்டன.

அந்தப் புரோகிராம் இருந்தது அட்டைகளில். கையகலத்தில் நீளநீளமான அட்டைகள், ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டியாக நீள்சதுரத் துளைகள். ஓர் அட்டை என்றால் ஒரு வரி. இருநூறுக்கும் மேலே இருந்தன. மத்தியான வெயிலில் ஜன்னலோரம் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தால், தரையில் வெளிச்சப் பொட்டுகள் விழும். அட்டையை அசைத்தால் பொட்டுகள் நகரும். சுவரில் ஏறும், தூங்கும் பூனைமேல் நடக்கும். அதுதான் கம்ப்யூட்டர் பேசும் பேச்சு என்று எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. வாயைத் திறந்து உள்ளங்கையில் விழுந்த பொட்டுகளை நக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். எட்டு வயது, வேறென்ன செய்வேன்!

சித்தப்பா எனக்கு இரண்டு சட்டம்தான் போட்டிருந்தார். மடிக்கக் கூடாது. வரிசை மாறக் கூடாது.

அந்தப் பங்குனி மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே படபடப்பு. திங்கட்கிழமை சித்தப்பாவின் அட்டைகளுக்கு மிஷினில் முறை. அன்றைக்கு யார் யாருடைய புரோகிராம் பிசகில்லாமல் ஓடுகிறதோ, அவர்களில் இரண்டு பேரைப் பம்பாயில் வேலைக்குச் சொல்லிப் புதன்கிழமை கடிதம் எழுதுவதாகக் காலேஜ் வாத்தியார் சொல்லியிருந்தார். அப்பாவுக்குத் தம்பி தோட்டத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கொழுந்தன் பம்பாய் போக வேண்டும். கடைசியில் அப்பாதான் இறங்கிவந்தார். "அந்த மிசினு உன்னைய எடுத்துக்கிச்சுன்னா போ. இல்லீன்னா பேசாம இங்க இருந்து மம்பட்டியப் புடி."

எனக்கு அவர் போகவும் கூடாது, தோற்கவும் கூடாது. அந்த வயதில் இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்ள முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவும் பைத்தியங்களும் கால்வாய்க்குக் குளிக்கப் போயிருந்தார்கள். அட்டைகள் செருப்புக்கடைப் பெட்டியில் இருந்ததை அம்மா அப்போதுதான் பார்த்தாள். "படிப்பக் கொண்டுபோயிச் செருப்புப் பொட்டியிலயா வெப்பானுக!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் கல்யாணப் புடவைப் பெட்டியைக் காலிசெய்து அதற்கு மாற்றினாள். அந்தத் தோஷத்துக்குப் பரிகாரமாக மஞ்சளைக் குழைத்து, ஜாதகத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வைப்பதுபோல மேலே இருந்த ஓர் அட்டைக்கு மட்டும் நாலு மூலையிலும் வைத்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள்.

ஓர் அட்டைக்கு வைத்தால் மற்ற அட்டைகள் என்ன பாவம் செய்தன? நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாவற்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன். உள்ளறையில் ஆரம்பித்து நெல் மூட்டைகளைச் சுற்றி வரிசையாகக் காயப்போட்டு, அதே வரிசையில் எடுத்து அடுக்கினேன். ஒன்றுகூட மடங்கவில்லை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. அன்றைக்கு நான் தூங்கினதுபோல அப்புறம் எப்போதும் தூங்கியதில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் முதல் பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போன சித்தப்பா இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்தார். அம்மாவிடம் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கிணற்றடிக் கல்லில் பெட்டியோடு உட்கார்ந்தார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, மூலைத் துளையில் காய்ந்திருந்த மஞ்சளை ஊக்கு முனையால் குத்தி எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மிணி, எல்லா அட்டைக்கும் நீயே வெச்சயா?"

"ஆமாங் சித்தப்பா. ஒண்ணுகூட வரிசை மாறல."

கையிலிருந்த அட்டையை அதன் இடத்தில் வைத்தார். "கெட்டிக்காரி" என்றார்.

கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஓரமும் துளை, நடுவே இங்கிலீஷ் எழுத்து. "உனக்குக் கடுதாசி போட்டிருக்குது" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில்தான் இங்கிலீஷ். நான் அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஓடினேன். ஊரில் வேறு யாருக்குக் கம்ப்யூட்டர் கடுதாசி போட்டிருக்கிறது?

செவ்வாய்க்கிழமை அட்டைகளோடு மறுபடி போய்ப் பார்த்தார். அன்றைக்கு முறை வேறு ஆட்களுடையது. புதன்கிழமை இரண்டு பெயர்களோடு கடிதம் பம்பாய்க்குப் போனது.

அடுத்த ஞாயிறு, அலமாரிக் கதவில் சோற்றுப்பசையால் நான் ஒட்டியிருந்த காகிதத்தைப் பைத்தியங்களில் ஒருவன் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். சித்தப்பா ஒரு பார்வை பார்த்தார். அவன் சிரிப்பை முழுங்கிவிட்டு, "அம்மிணியப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்குது" என்றான்.

பிழைப்புக்கு நானும் கம்ப்யூட்டர் முன்னால்தான் வந்து உட்கார்ந்தேன். வேலையில் சேர்ந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது, வெள்ளையடிக்க அம்மா ஒழித்துப்போட்ட சாமான்களில் அந்தக் காகிதம் கிடந்தது. படித்தேன். எண்பதாம் எண்ணுள்ள வரியைக் காணோம். தொண்ணூறாம் எண்ணுள்ள வரியைக் காணோம். வேலை நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான் கடிதம். அட்டையின் இடது ஓரத்துத் துளைகள்தான் அந்த வரியின் எண். 'இந்த எண்ணுக்குப் போ' என்று புரோகிராம் சொல்ல, அங்கே எண் இல்லை, துளையை அடைத்துக்கொண்டு என் மஞ்சள்தான் இருந்திருக்கிறது. வாசலில் சித்தப்பா மோட்டாரைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பாய்க்குக் கடிதம் போன மறுநாள், அந்த வியாழக்கிழமைதான் மனதில் வந்து நின்றது. அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா அவர் எதிரில் போய் நின்றார்.

"மிசினு என்னைய எடுத்துக்கலீங்ணா. கணக்குல நாந்தான் தப்பு உட்டுப்போட்டன்."

அப்பா அவர் தோளைத் தட்டி, "உடுறா, நம்ம தோட்டம் எங்க போயிருச்சு" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. நான் மறைக்கவே இல்லை. சித்தப்பா பம்பாய் போகலை, போகலை என்று கத்திக்கொண்டு வாசலெல்லாம் குதித்தேன். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கித் தோளோடு சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கு விளையாடப் போக வேண்டியிருந்தது. இறக்கிவிடச் சொல்லிக் காலை உதறினேன். அவர் இறக்கவில்லை. முகத்தையும் காட்டவில்லை. ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டே நிற்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.