மாஸ்டர் திட்டாத காலை

ஒத்திகையின் நடுவே என் குதிகால் நரம்பு அறுந்தது. ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் கிடந்தேன். நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆடலாமா என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தார்.

"நடக்கிறாய்தானே பிள்ளை, அது காணும்" என்பார் அம்மா.

"காணாது அம்மா, போதாது" என்று கத்துவேன். சிறுவயதிலிருந்து ஆடுகிறேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை.

நான் ஆடும் நாட்டின் பாலே குழு என்றால் வெளியே பெரிய மதிப்பு. இரவல் மேடைகளில் ஆடித் தொடங்கியவர்கள், இப்போது கடலோரத்தில் வெள்ளைக் கல் மாளிகையில் இருக்கிறார்கள். உள்ளே நாங்கள் மாடாய் உழைப்போம். தினமும் காலையில், முதன்மை நடனக்காரி முதல் நேற்று வந்தவள் வரை, எல்லோரும் சுவரோர மரக்கம்பைப் பிடித்து முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சி தரும் மாஸ்டர் எங்களுக்கிடையே நடப்பார். முழங்கால், இடுப்பு, கழுத்து, எதையும் விடமாட்டார். என்னைத் திட்டித் தீர்த்த மனுஷன். ஆனாலும் அந்தத் திட்டுக்குத்தான் ஏங்குவோம். மேடையேறப் போகிறவர்களை மட்டுமே அவர் திருத்துவார். மற்றவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

திரும்பிப் போன அன்று வலி உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். குதிகால் சரியாக உயரவில்லை, குருடனுக்கும் தெரிந்திருக்கும். மாஸ்டர் என் பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்து இறக்கினார், சத்தம் போட்டார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். திட்டு மனுஷா, திட்டு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"அழகாக இருக்கிறது" என்றார் நோர்வே மொழியில், மெதுவாக. சிரித்தார். அடுத்தவளிடம் போய்விட்டார்.

அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்டார். "மாஸ்டர் என்ன சொன்னவர்?"

"வடிவா இருக்காம்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்தார்.

"ஓமடி, மாஸ்டரே தன்ரை வாயாலை சொல்லிப்போட்டார். இவ்வளவு வருஷத்திலை இவளை ஒருநாளும் நல்லா எண்டு சொல்லாத மனுஷன்! இனிப் பயமில்லை. திரும்ப ஆடுவாள், நீங்கள் எல்லாரும் பாக்க வரவேணும்."

அம்மா இப்படிச் சிரித்து எவ்வளவு காலம். நான் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.