கைவாட்டம்

இன்று காலையிலும் மார்த்தாண்டம் சந்தையில் ஒருவர், நான் மீன் வெட்டும் கத்தியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கத்தி கோணிப்போய் இருக்கு?" என்று கேட்டார். பிடி ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் குழிந்து, பார்க்க விகாரமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், இதைவிட அழகான கத்தியை நான் கண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் கெளுத்தி மீனின் முள் என் வலது கையில் ஏறியது. முள்தானே என்று மஞ்சளைப் பற்றுப்போட்டு இருந்துவிட்டேன். கை பொதபொதவென்று வீங்கி, ஆஸ்பத்திரியில் கீறிய பிறகுதான் பிழைத்தது. ஆனால் ஆள்காட்டி விரல் மடங்காமல் நீட்டியபடியே நின்றுவிட்டது. கடைக் கத்தி எதைப் பிடித்தாலும் வழுக்கியது. ஒரு துண்டு தடியாக விழும், அடுத்தது சல்லியாக விழும். மீன்கடை முதலாளி எத்தனை நாள்தான் பொறுப்பார்? "திங்கக்கெழம முதல் வேற ஆளு வரும். நீ கை செரியானப்பொறவு வா" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

தெரிந்தவள் ஒருத்தி சொன்னாள் என்று, கத்தி அடிக்கும் கொல்லாசாரி ஒருவரின் பட்டறைக்குப் போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கைவாட்டம் பாக்கணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "ஆமா அண்ணே, வாடித்தான் போச்சு. அதைச் சொல்லிக் காட்டவா நான் பஸ்சு ஏறி வந்தேன்?" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்த அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "ஏ பிள்ளே, வாடினதையா சொன்னேன்? ஒனக்க கைக்கு எது வாட்டமா இருக்கோ, அதுக்கு ஏத்தாப்புல பிடி போடணும்லா" என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிசைந்த களிமண்ணைக் கொடுத்து, மீன் வெட்டுவதுபோல் பிடிக்கச் சொன்னார். விரல்கள் பதிந்த அந்த உருண்டையைப் பார்த்துப் பார்த்து, வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் பிடி செதுக்கினார். அலகு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. கத்தியின் முதுகில்தான் அவர் வேலை முழுவதும் தெரியும். மற்றக் கத்திகளில் மெலிந்திருக்கும் அந்த இடத்தை அகலமாக விட்டு, மழமழவென்று உரசி, நீட்டிய விரல் படுத்துக்கொள்ள ஒரு சின்னப் பள்ளம் வைத்திருந்தார். "மடங்காத்த வெரல மடக்க மெனக்கெடாத. அது மேல கெடந்து அமுக்கட்டு" என்றார்.

கத்தி கைக்கு வந்த மறுநாள், முதல் மீனே பெரிய நெய்மீன். முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இயேசுவே, கைவிட்டுவிடாதேயும் என்று கத்தியை வைத்தேன். விரலின் பாரம் அலகில் நேராக இறங்கியது. வழுக்கவில்லை. துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன. முதலாளி இரண்டு துண்டைத் தூக்கிப் பார்த்தார். போனை எடுத்தார். "ஏட்டி, திங்கக்கெழம நீ வரண்டாம், கேட்டியா? இங்க ஆளு இருக்கு" என்றார்.

அந்தப் பெண்ணும் பாவம், அவளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அதெல்லாம் பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். நெய்மீன் வாங்க வந்தவர் பயந்துபோய், "அக்கா, கைய வெட்டிப்போட்டியளா?" என்று கேட்டார்.

"இல்ல மக்கா," என்றேன், "கை கெடச்சிட்டு."