துணைக்கு ஏறிய ஜீப்

அந்தக் காலத்தில் எங்கள் குடியேற்றத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்தால் ஆம்பிளைகளைத்தான் ஏற்றிக்கொண்டு போகும். வாய்க்காலை மறித்த சண்டை, கள்ளச் சாராயம், இப்படி ஏதாவது இருக்கும். போனவர்கள் மறுநாள் வந்து, கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் போல அங்கே நடந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெண்கள் யாரும் அதில் ஏறியதில்லை. பெண்களுக்கு அடி விழுந்ததற்காக அது வந்ததும் இல்லை.

பக்கத்துக் காணி அக்காவைக் கொண்டுபோக அது வந்தபோது நானும் ஏற வேண்டியதாயிற்று. பொலிசில் அப்போது பெண்கள் இல்லை. ஒரு பெண்ணைக் கொண்டுபோனால் துணைக்கு ஊரிலிருந்து இன்னொருத்தி போக வேண்டும். மற்றவர்களுக்குக் கைப்பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். ஊர் அதிகாரி விதானையார் எங்கள் படலையடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா ஏறிப் போட்டு வா. சும்மா பக்கத்திலை இருந்தாக் காணும்."

அன்று காலை குசினிக்குள் அக்காவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறார் புருஷன். அது புதிதில்லை. முன்பு ஒருமுறை பல் உடைந்து அக்கா விதானையாரிடம் போனார். "புருஷன் பெண்சாதிக் கதைக்குள்ளை நான் என்ன செய்யிறது? போய் உலையை வை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறை, குசினியின் ஓலைக்கிடுகுச் சுவரில் செருகியிருந்த அரிவாள் அக்காவின் கைக்கு அகப்பட்டது. புருஷனின் முன்கையில் வெட்டு விழுந்தது. உச்சிவெயிலுக்கு முன்னமே ஜீப் வந்துவிட்டது.

அக்காவுக்குப் பால்குடிப் பிள்ளை. மாமியார் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வெட்டுற கையிலை பிள்ளையைக் குடுக்கேலாது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

பொலிஸ் நிலையத்தில் கம்பிக் கூட்டுக்குள் வாய்க்கால் சண்டைக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன், "என்னக்கா, நெல்லு விளைய முந்தியே வெட்டத் தொடங்கியிட்டியளோ?" என்றான். மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் சொன்னார்: "புருஷனிட்டை மன்னிப்புக் கேள். அவரும் ஓமெண்டால் விடுறன். இல்லாட்டி நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டுபோய் மறியலிலை அடைக்க வேண்டி வரும்."

"நான் ஏன் கேக்கோணும்? என்ரை பல்லை உடைச்சது ஆரெண்டு அவரைக் கேளுங்கோ."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஆட்களுக்கு முன்னால் நான் வாய் திறக்கிறதில்லை. அன்றைக்கு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஓம் ஐயா. அடிக்கிறவர். எங்கடை வீட்டுக்குக் கேக்கும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அது வீட்டுச் சோலி. இது வெட்டுக் கேஸ்."

பெண்களை வைக்கும் இடம் அங்கே இல்லை. எங்களை விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டார்கள். மத்தியானம் தாண்ட அக்காவின் சட்டை நனையத் தொடங்கியது. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என் சேலைத் தலைப்பை விரித்து மறைப்பாகப் பிடித்தேன். அக்கா பாலைப் பீச்சி மண்ணில் விட்டார். மார்பு கல்லுப் போலக் கட்டியிருந்தது.

"இப்ப கத்துவான். கிழவி சீனித்தண்ணியாவது குடுத்திருப்பாவோ?"

சேலையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

பின்னேரம் புருஷன் கையில் கட்டோடு வந்தார். அவருக்கு இருக்கக் கதிரை கொடுத்தார்கள்.

"விடுங்கோ ஐயா. வீட்டிலை சமைக்க ஆளில்லை" என்றார்.

"அண்ணை, அரிவாளை ஒளிச்சு வைச்சிட்டுச் சாப்பிடுங்கோ!" என்று கூட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அக்கா எழுந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் செய்தது பிழை" என்றார்.

"அவருக்குக் கேக்கச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். அக்கா இன்னொரு தரம் சொன்னார்.

பஸ்ஸில் புருஷன் முன் ஆசனத்தில் இருந்தார். அக்கா என்னோடு பின்னால். "இந்த பஸ் ஏன் இப்பிடி ஊருது" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். வீட்டில் பிள்ளை கத்திக் களைத்துப் போய்க் கிடந்தது. முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகுதான் வாய் வைத்தது. அது குடித்து முடியவில்லை, உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது: "தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?" அக்கா பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடியே அடுப்படியில் இருந்து நெருப்பை ஊதினார்.

வாய்க்கால் சண்டைக்காரர் அடுத்த நாளே வந்துவிட்டார்கள். சண்டையில் மண்டையை உடைத்த மண்வெட்டியாலேயே வரம்பு கட்டினார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அரிவு வெட்டு வந்தபோது அக்காவின் கையில் மட்டும் யாரும் அரிவாள் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அவரைப் போல விரைவாக வெட்டுகிறவர்கள் இல்லை. என்றாலும், வெட்டிய கதிரைக் கட்டத்தான் விட்டார்கள்.

அடிச்சத்தம் அதற்குப் பிறகும் வேலி தாண்டி வந்தது. அதற்கு ஜீப் வரவில்லை. வயலில் புருஷனின் குரல் கேட்டால், கதிர் கட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் கை அப்படியே நின்றுவிடும். நான் கொஞ்சம் தள்ளி நின்று வெட்டிக்கொண்டிருப்பேன்.