நோகாத பிடி

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் பேக்கிங் பார்த்த பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். ஒல்லி உடம்பு, நீராவி பட்டுப் பட்டுச் சிவந்த கைகள். டீ டைமில் நாங்களெல்லாம் வடைக்கு ஓடுவோம். அவர் மட்டும் செல்போனில் கைப்பூட்டு வீடியோ பார்ப்பார். மணிக்கட்டைத் திருகி ஆளை அசையவிடாமல் பிடிப்பது எப்படி என்று ஒருவன் அதில் செய்து காட்டுவான். மாட்டியவன் தரையைத் தட்டினால் பிடித்தவன் உடனே விட்டுவிட வேண்டும்.

பார்த்து முடித்ததும் என் கையைக் கேட்பார். டீசர்ட்டின் கையை மடிக்கிற பக்குவத்தில் என் மணிக்கட்டை மடிப்பார். நான் தட்டவே வேண்டியதில்லை. வலி தெரிவதற்குள் "நோவுதுங்களா?" என்று விட்டுவிடுவார்.

"யாரோட சண்டைக்குங்க இதெல்லாம்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"சண்டைக்கு இல்லீங்க. பையன் குடிச்சுப்போட்டு வந்து அவங்கம்மாவ அடிக்கிறானுங்க. அவன அடிக்க எனக்கு மனசு வரலீங்க. நோகாம புடிச்சு வெச்சாப் போதுமுங்க."

கொஞ்ச நாளில், உதடு கிழிந்து வேலைக்கு வந்தார்.

"பூட்டு விழலீங்களா?" என்றேன்.

"நல்லா விழுந்துச்சுங்க. அவனால அசையவே முடியல." அயர்ன் பாக்ஸை எடுத்துத் துணிமேல் வைத்தார். "'நோவுதுப்பா'ன்னானுங்க. உட்டுட்டேன்."

அதற்கப்புறம் அவர் என் கையைக் கேட்கவில்லை. ஒரு டீ டைமில் நானாகப் போய் நீட்டினேன். பிடித்தார். மடிக்காமலே விட்டுவிட்டார்.